விர்ச்சுவல்பாக்ஸின் திரை அமைப்புகள்: கொடை நோட்டீஸில் புள்ளி தெளிவாகத் தெரிகிறதா?

திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் இன்றைக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் டிடிபி கடைகள் உண்டு. 2001-இல் வந்த 7.0 பதிப்பு, அதற்கென்றே சேர்த்து வைத்த பழைய தமிழ் எழுத்துருக்கள், கை பழகிய விசைப்பலகை. பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் கொடை நோட்டீஸ்களும் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய பெட்டி உட்கார்ந்துவிட்டால், புதுக் கணினிக்குள் மென்பொருளாலேயே ஒரு மெய்நிகர் கணினியை (விஎம்) உண்டாக்கி எக்ஸ்பியை அதில் குடிவைப்பதுதான் சுருக்கமான வழி. சேரன்மகாதேவியிலிருந்தும் அம்பையிலிருந்தும் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவர்கள் லினக்ஸ் பழகுவதும் இப்படித்தான். இரண்டு தரப்பும் முதலில் இறக்குவது ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ். இரண்டு தரப்பும் முதலில் சொல்லும் குறையும் ஒன்றே: "திரை சின்னதா இருக்கு, எழுத்து மங்குது, மவுஸ் இழுக்குது."

அந்தக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, 7.1 வரிசையின் டிஸ்ப்ளே அமைப்புகளை இங்கே எடை போடுகிறோம். எங்கள் தீர்ப்பு: டிடிபி வேலைக்கும் கல்லூரிப் பயிற்சிக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் கிராபிக்ஸ் கன்ட்ரோலர் (விஎம்முக்குள் தெரியும் வரைகலை அட்டை), கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் டிரைவர் தொகுப்பு), திரையின் அளவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் எழுத்து மங்கும். முப்பரிமாண வரைகலைதான் முக்கிய வேலை என்றால் இது வேண்டாம். அதற்கு வேறு மென்பொருள் இருக்கிறது, கீழே சொல்லியிருக்கிறோம்.

அமைப்பைத் திறக்குமுன் விஎம்மை முழுதாக ஷட் டவுன் செய்திருக்க வேண்டும். மூடும்போது 'சேவ் ஸ்டேட்' கொடுத்திருந்தால் கன்ட்ரோலரும் வீடியோ மெமரியும் சாம்பல் நிறமாகி, மாற்ற விடாது. பலர் இதைப் பார்த்துவிட்டு மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். அது தேவையில்லை. விஎம்மைத் திரும்ப இயக்கி, உள்ளே இருக்கும் விண்டோஸிலோ லினக்ஸிலோ முறையாக ஷட் டவுன் கொடுத்தால் போதும். பிறகு செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்க்ரீன் என்று போங்கள். 7.1-இல் பேசிக், எக்ஸ்பர்ட் என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. தேடும் அமைப்பு கண்ணில் படாவிட்டால் எக்ஸ்பர்ட்டை அழுத்துங்கள்.

எல்லாரும் முதலில் கை வைப்பது வீடியோ மெமரி ஸ்லைடரில். கடைசி வரை இழுத்துவிட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை. அது தவறு, கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் 32 பிட் நிறத்தில் 4 பைட் வேண்டும். 1366×768 திரைக்கு 41,96,352 பைட், அதாவது சுமார் 4 எம்பி. 1920×1080 திரைக்கு 82,94,400 பைட், 8 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 4கே திரைக்குக்கூட 32 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரே மானிட்டரில் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் ஓட 16 எம்பி போதும். ஃபுல் எச்டி மானிட்டர் இரண்டு வைத்தால் அந்த 16 எம்பியும் விளிம்பில் வந்து நிற்கும்; அப்போது 32 அல்லது அதற்கு மேல் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 கெஸ்ட்டுக்கும் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்தான் கெஸ்ட்), 3டி ஆக்ஸலரேஷன் (வரைகலை அட்டையின் உதவியை எடுத்துக்கொள்ளும் அமைப்பு) போடும் லினக்ஸுக்கும் 128 வைப்பது சரி. இந்த நினைவகம் உங்கள் கணினியின் ராமிலிருந்து போவது. 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் எக்ஸ்பிக்கு 128 கொடுப்பது, குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் வாசல் தெளிப்பது மாதிரி.

உண்மையில் விஷயம் இருப்பது கிராபிக்ஸ் கன்ட்ரோலர் என்ற வரியில். மூன்று பெயர்களும் காதுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம். விபாக்ஸ்விஜிஏ பழையது; விண்டோஸ் 7-க்கு முந்தைய கெஸ்ட்டுகளுக்கு உரியது. எக்ஸ்பிக்கு இதைத்தான் வைக்க வேண்டும். விபாக்ஸ்எஸ்விஜிஏ, விண்டோஸ் 7 முதல் 11 வரைக்கும் உரியது. விஎம்எஸ்விஜிஏ லினக்ஸுக்கு உரியது. விஎம்வேர் என்ற இன்னொரு மெய்நிகர் மென்பொருளின் வரைகலை அட்டையைப் போல இது நடிப்பதால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் 'விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ்' டிரைவரே இதைப் பிடித்துக்கொள்ளும். உபுண்டு விஎம் எழும்பும்போது அந்த டிரைவர் 'அன்சப்போர்டட் ஹைப்பர்வைசர்' என்று ஒரு பிழைவரி காட்டுவது உண்டு. பயப்பட வேண்டாம். தன்னை ஓட்டுவது விஎம்வேர் இல்லை என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

பொருந்தாத கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் செட்டிங்ஸ் சன்னலின் அடியில் 'இன்வேலிட் செட்டிங்ஸ் டிடெக்டட்' என்று ஒரு எச்சரிக்கை வரும். மவுஸை அதன்மேல் வைத்தால் எது பரிந்துரை என்று சொல்லும். இந்த எச்சரிக்கை மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு ஓட்டை உண்டு: விஎம்மை உண்டாக்கும்போது இயங்குதளத்தின் பெயரைத் தவறாகக் கொடுத்திருந்தால் பரிந்துரையும் தவறாகவே வரும். எக்ஸ்பி போடப் போகிற விஎம்முக்கு 'விண்டோஸ் 10' என்று கொடுத்துவிட்டு, திரை ஏன் 640×480-லேயே நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். ஜெனரல் பகுதியில் வெர்ஷன் சரியா என்று பார்த்துவிட்டு டிஸ்ப்ளேவுக்கு வாருங்கள்.

கன்ட்ரோலர் சரியானாலும் கெஸ்ட் அடிஷன்ஸ் போடாமல் திரை விரியாது. விஎம் ஓடும்போது டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' கொடுத்தால், உள்ளே ஒரு சிடி செருகியதுபோல் வரும். எக்ஸ்பியில் நிறுவும்போது, டிரைவர் விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை என்று எச்சரித்தால் 'கன்டின்யூ எனிவே' கொடுக்க வேண்டும். அங்கே 'ஸ்டாப்' கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் நிறுவப்பட்டு, திரை டிரைவர் மட்டும் விடுபட்டுப் போகும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக முடிந்ததுபோலவே தோன்றும். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே நம்பகமான சோதனை.

உபுண்டுவில் சிடியை ஓட்டுமுன் பில்ட்-எசென்ஷியல், ஓடும் கெர்னலுக்கு உரிய லினக்ஸ்-ஹெட்டர்ஸ் இரண்டும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஹெட்டர்ஸ் இல்லாவிட்டால் கெர்னலோடு சேரும் டிரைவரான மாட்யூல் உருவாகாது. அடுத்த கெர்னல் அப்டேட்டின்போது புதுக் கெர்னலுக்கு உரிய ஹெட்டர்ஸ் வராவிட்டாலும் மாட்யூல் மறுபடி உருவாகாமல், 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே' என்ற நிலை வரும். சிடி வழி வேண்டாம் என்றால் உபுண்டுவின் தொகுப்பிலேயே விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11 இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்தது திரையின் அளவு. கொடை நோட்டீஸ் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வரிதாரர் பெயர்களை 8 பாயின்ட்டில் நான்கு பத்தியாக நெருக்கி அடிப்பார்கள். இசக்கி, பேச்சி, முத்து, சுப்பம்மாள் என்று பெயருக்குப் பெயர் புள்ளி. மெய்ப்பு பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரியாவிட்டால் 'பேசசி' என்று அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். ஊரில் அதற்குப் பதில் சொல்லி மாளாது.

விர்ச்சுவல்பாக்ஸில் திரையைப் பெரிதாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்று இல்லை. வலது கன்ட்ரோலுடன் சி அழுத்தினால் வருவது 'ஸ்கேல்டு மோட்'. உள்ளே 1024×768-இல் வரைந்த படத்தை அப்படியே ரப்பர் மாதிரி இழுத்துக் காட்டும். ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளியாக நீளும்போது மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்பும். எக்ஸ்பியில் கிளியர்டைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். கிளியர்டைப் என்பது திரைப் புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே கணக்கிட்டு எழுத்தோரத்தை மென்மையாக்குவது. அந்தப் படத்தை இழுத்தால் கணக்கு குலைந்து, எழுத்தைச் சுற்றி ஆரஞ்சும் நீலமுமாக ஓரம் படியும். மெய்யெழுத்தின் புள்ளி அந்த ஓரத்திலேயே கரைந்துவிடும். 'ஸ்கேல் ஃபேக்டர்' என்ற ஸ்லைடருக்கும் இதே கதைதான்: 100%, 200% இரண்டும் சுத்தமாக இருக்கும், 125, 150 மங்கும்.

சரியான வழி, உள்ளே இருக்கும் இயங்குதளமே வெளித் திரையின் அளவில் வரைவது. வலது கன்ட்ரோலுடன் எஃப் அழுத்தினால் முழுத் திரை. வியூ மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' டிக் ஆகியிருக்க வேண்டும். கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லாவிட்டால் இந்த வரி சாம்பலாக இருக்கும். சில சிறிய மடிக்கணினிகளில் வலது கன்ட்ரோல் விசையே கிடையாது. ப்ரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதிக்குப் போய் ஹோஸ்ட் கீயை (வலது கன்ட்ரோலுக்கு இங்கே அதுதான் பெயர்) வேறு விசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முழுத் திரைக்குப் போய்விட்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்க நேரும்.

1366×768 திரை உள்ள மடிக்கணினியில் ஒரு சின்ன நெருடல் வரும். எக்ஸ்பிக்கான டிரைவர் அகலத்தை எட்டால் வகுபடும் எண்ணுக்குக் குறைத்துக்கொள்ளும். 1366 எட்டால் வகுபடாது, எனவே 1360×768 வரும். இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று புள்ளி அளவுக்குக் கறுப்புக் கோடு நிற்கும். அதை நிரப்புவதற்காக ஸ்கேல்டு மோடுக்குப் போகாதீர்கள். அந்தக் கோட்டால் ஒரு நஷ்டமும் இல்லை; போனால் எழுத்து முழுவதும் மங்கும். தானாக அளவு மாறவில்லை என்றால் வியூ மெனுவில் விர்ச்சுவல் ஸ்க்ரீன் 1 என்பதற்குள் அளவுகளின் பட்டியல் இருக்கிறது; தேவையானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அளவு சரியான பிறகு எக்ஸ்பிக்குள் டிஸ்ப்ளே ப்ராப்பர்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ் என்று போய் எழுத்தோரம் மென்மையாக்கும் முறையைக் கிளியர்டைப் ஆக்குங்கள். எக்ஸ்பி தானாக இதைப் போட்டிருக்காது. நிற ஆழம் 32 பிட் என்றிருக்கட்டும். பிறகு பேஜ்மேக்கரில் 'பேச்சிமுத்து' என்று 8 பாயின்ட்டில் அடித்து 100% அளவில் பாருங்கள். ச்-இன் புள்ளியும் த்-இன் புள்ளியும் தனித்தனியாக நின்றால் சோலி முடிந்தது.

மாணவர்கள் பக்கம் வருவோம். இங்கே பிரச்சினை 3டி ஆக்ஸலரேஷன். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் ஒவ்வொரு சன்னலையும் வரைகலை அட்டையை நம்பியே வரைகிறது. 3டி டிக் இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் 'எல்எல்விஎம்பைப்' என்ற மென்பொருள் வழியாக பிராசசரின் தலையில் விழும். சன்னலை நகர்த்தினாலே சிபியு மீட்டர் ஏறும், மின்விசிறி இரையும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மடிக்கணினி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விஎம் மெதுவாக இருப்பதாகத் தோன்றுவதில் பாதி இந்த வெக்கையின் வேலை. எது ஓடுகிறது என்று பார்க்க மெசா-யுட்டில்ஸ் நிறுவி, அதிலுள்ள ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டி ரெண்டரர் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்றிருந்தால் பிராசசர் சுமக்கிறது; எஸ்விஜிஏ3டி என்றிருந்தால் அட்டை சுமக்கிறது.

அப்படியென்றால் 3டியைப் போட்டுவிடலாமா? போட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். லாகின் செய்தவுடன் திரை கறுப்பாகி நிற்பதும், சன்னல்கள் துண்டு துண்டாக மினுக்குவதும் இந்த டிக்கோடு வரும் வழக்கமான தொல்லைகள். அப்படி ஆனால் விஎம்மை நிறுத்தி, வீடியோ மெமரி 128 இருக்கிறதா என்று பார்த்து, இருந்தும் கறுப்பாகவே நின்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். 8 ஜிபி ராம், ஐ3 பிராசசர் உள்ள கணினியில் எங்கள் பரிந்துரை வேறு: க்னோமை விட்டுவிட்டு ஸுபுண்டு அல்லது லுபுண்டு போடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்புகளுக்கு 3டியே தேவையில்லை. டெர்மினல், சி நிரல், பைத்தான், டேட்டாபேஸ் பயிற்சி எல்லாவற்றுக்கும் அது போதும். உபுண்டு 24.04-இல் க்னோம்தான் வேண்டும் என்பவர்கள், லாகின் திரையில் பல்சக்கரத்தை அழுத்தி 'உபுண்டு ஆன் ஸோர்க்' தேர்ந்தெடுத்துப் பாருங்கள். திரை அளவு மாறாமல் அடம்பிடிக்கும் சில இடங்களில் அது சரிசெய்துவிடும்.

எக்ஸ்பிக்கு 3டி என்ற பேச்சே வேண்டாம். விபாக்ஸ்விஜிஏவுக்கான 3டி ஆதரவை 6.1 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். பேஜ்மேக்கருக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

அமைப்பு எல்லாம் சரி, ஆனாலும் நகரவில்லை என்றால் விஎம் சன்னலின் கீழ்வரிசையில் வலது பக்கம் பாருங்கள். அங்கே பச்சை ஆமை ஒன்று தெரிந்தால் திரை அமைப்பின் மேல் குற்றமில்லை. விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி ஏற்பாடான ஹைப்பர்-வி, பிராசசரின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது. விண்டோஸ் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் எடுத்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசலேஷனுக்குள் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, கணினியை முழுதாக அணைத்து எழுப்புங்கள். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு அது நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. இணையத்தில் கண்டதையும் இறக்கும் கணினியில் அதை அணைக்கச் சொல்ல மாட்டோம்.

டிஸ்ப்ளே பகுதியில் இன்னும் இரண்டு தாவல்கள் உள்ளன. ரெக்கார்டிங், திரையை வெப்எம் படமாகப் பதிவு செய்வது. பாடம் எடுப்பவர்களுக்கு உதவும், மற்ற நேரத்தில் பிராசசரைத் தின்னும். ரிமோட் டிஸ்ப்ளே, வேறு கணினியிலிருந்து இந்தத் திரையைப் பார்க்க. இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற, தனியே இறக்கும் கூடுதல் தொகுப்பு வேண்டும். இங்கே கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் கட்டற்றது, கடையிலும் செலவில்லாமல் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக் அப்படி இல்லை; சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம், தொழிலுக்கு உரிமம் வாங்க வேண்டும். இதைப் பதிவிறக்கப் பக்கத்தில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என்பது எங்கள் மனக்குறை. டிடிபி வேலைக்கு அந்தப் பேக் தேவையே இல்லை, போடாமல் விட்டுவிடுங்கள்.

மாற்று என்ன? விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் தொழில் பயன்பாட்டுக்கும் இலவசம். இறக்குவதற்கு பிராட்காம் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும். அந்தப் படி கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் வரைகலையில் இது ஒரு படி மேலே. 'ஆக்ஸலரேட் 3டி கிராபிக்ஸ்' டிக் போட்டால் டைரக்ட்எக்ஸ் 11 வரை கிடைக்கிறது, கிராபிக்ஸ் மெமரியை 8 ஜிபி வரை உயர்த்தலாம். உபுண்டு கெஸ்ட்டில் ஓப்பன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் என்ற தொகுப்பைப் போட்டால் திரை உடனே விரிகிறது. விண்டோஸ் 11 கெஸ்ட்டில் சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் கேட் (CAD) பொறியியல் வரைபடம் திறந்து சுழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் இதற்குப் போங்கள். விர்ச்சுவல்பாக்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கணினியிலேயே லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விர்ட்-மேனேஜர் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் கெஸ்ட்டுக்கு வீடியோ மாடல் விர்ட்ஐஓ. 3டி வேண்டுமென்றால் ஸ்பைஸ் டிஸ்ப்ளேயில் லிசன் டைப் 'நன்' என்று வைத்து ஓப்பன்ஜிஎல் டிக் போட வேண்டும். கெஸ்ட்டுக்குள் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் இல்லாவிட்டால் திரை அளவு தானாக மாறாது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் வைத்திருக்கும் கடைக்கு இதைச் சொல்ல மாட்டோம். டிரைவர் தேடியே நாள் போய்விடும்.

விர்ச்சுவல்பாக்ஸில் எல்லாம் பொருந்தி, புள்ளி தெளிவாக விழுந்த அன்றைக்கே விஎம்மை ஷட் டவுன் செய்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட்டில் வட்டு மட்டுமல்ல, கன்ட்ரோலர், வீடியோ மெமரி உட்பட அமைப்புகளும் சேர்ந்து பதிவாகும். எதையாவது மாற்றிக் கெடுத்துக்கொண்டால் அப்படியே பழைய நிலைக்குத் திரும்பலாம். விர்ச்சுவல்பாக்ஸின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று அறிவிப்பு காட்டினால், சித்திரைக் கொடையும் ஆனி, ஆவணி முகூர்த்தமும் நடக்கிற மாதங்களில் தொடவே வேண்டாம். வேலை ஓய்ந்திருக்கும் மார்கழியில் மாற்றுங்கள். புதுப் பதிப்போடு கெஸ்ட் அடிஷன்ஸையும் புதிதாக நிறுவி, 'பேச்சிமுத்து' என்று மறுபடி 8 பாயின்ட்டில் அடித்துப் பார்த்த பிறகு பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுங்கள்.